ஹாஃப் டைம்: விரிசலை வைத்து ஒரு காசின் வரலாற்றைப் படிப்பது எப்படி?

1795 என்று ஆண்டு பொறித்த அமெரிக்க ஐந்து சென்ட் வெள்ளிக் காசுகள் இரண்டை அருகருகே வைத்து லென்ஸ் வழியாகப் பார்த்தால், அவை அச்சு அசல் ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் கடைசி நட்சத்திரம் சுதந்திர தேவியின் மார்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், மற்றதில் சற்று விலகி நிற்கும். ஒன்றில் ஆண்டின் இலக்கங்கள் நெருங்கியிருக்கும், இன்னொன்றில் பரந்திருக்கும். இரண்டும் போலி அல்ல. இரண்டும் ஒரே நாணயச்சாலையில், ஒரே வடிவமைப்பில் அடிக்கப்பட்டவைதான். இவற்றை அடித்த அச்சுகள்தான் வேறு வேறு. அந்தக் காலத்து அச்சு ஒவ்வொன்றும் கையால் செய்யப்பட்டதால், ஒவ்வொன்றுக்கும் தனி முகம் இருந்தது.

அமெரிக்காவில் 10 சென்ட் காசின் பெயர் டைம். அதில் பாதி, ஐந்து சென்ட், ஹாஃப் டைம். இன்றைய நிக்கல் ஐந்து சென்ட் 1866-இல்தான் வந்தது. அதற்கு முன் ஐந்து சென்ட் என்றால் இந்தச் சிறு வெள்ளிக் காசுதான். 1792-ஆம் ஆண்டுச் சட்டப்படி எடை 20.8 கிரெய்ன், அதாவது சுமார் 1.35 கிராம். குறுக்களவு ஏறக்குறைய 16.5 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

அந்த 1792-இல் நாணயச்சாலைக் கட்டடம் தயாராவதற்கு முன்பே, பிலடெல்ஃபியாவில் ஜான் ஹார்ப்பர் என்பவரின் நிலவறையில் அழுத்தப்பொறியை வைத்து ஏறத்தாழ 1,500 காசுகள் அடிக்கப்பட்டன. அவற்றில் ‘ஹாஃப் டிஸ்ம்’ என்றே பொறித்திருக்கும்; டைம் என்ற பெயரை அன்று அப்படித்தான் எழுதினார்கள். அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 75 டாலர் கொடுத்து, ஜூலை 13 அன்று 1,500 காசுகளைப் பெற்றுக்கொண்டதைத் தன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். நவம்பரில் நாடாளுமன்றத்தில் உரையாற்றிய வாஷிங்டனும் இந்தச் சிறு தொடக்கத்தைக் குறிப்பிட்டார். முறையான உற்பத்தி 1795-இல் ஆரம்பித்தது. 1794 என்று பொறித்த ஹாஃப் டைம்கள்கூட 1795-இல்தான் அடிக்கப்பட்டன. முந்தைய ஆண்டே செய்து வைத்த அச்சுகளை யாரும் வீணாக்கவில்லை. காசில் இருப்பது அச்சு செய்த ஆண்டுதானே தவிர, காசு அடித்த ஆண்டாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

அச்சு எப்படித் தயாரானது? முதலில் ஓர் எஃகுத் துண்டைச் சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு மென்மையாக்குவார்கள். சுதந்திர தேவியின் தலை, கழுகு போன்ற பெரிய உருவங்களுக்கு முன்பே செய்து கடினமாக்கிய ஒரு மூல முத்திரை இருக்கும். அதை அந்த மென்மையான எஃகில் அழுத்திப் பதிப்பார்கள். இதுவரை எல்லா அச்சும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்புறம்தான் கைவேலை ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரம், ஒவ்வொரு எழுத்து, ஒவ்வோர் இலக்கம் என எல்லாவற்றையும் தனித்தனி முத்திரை உளிகளால் சுத்தியலை வைத்து அடித்து இறக்க வேண்டும். அதுவும் இடவலம் மாற்றி. பிறகு அச்சைப் பழுக்கக் காய்ச்சி, சட்டெனக் குளிர்வித்துக் கடினமாக்குவார்கள். எழுத்துக்கு எழுத்து இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடத்தில் இரண்டு அச்சுகளை ஒன்றுபோலச் செய்வது எவராலும் ஆகாத காரியம்.

சில அச்சுகளில் வேறுபாடு வெறும் கண்ணுக்கே தெரியும். 1796-ஆம் ஆண்டுக் காசு ஒன்றில் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லில் வரும் ‘பி’ எழுத்து, ‘கே’ போலத் தெரிகிறது. செதுக்கியவருக்கு எழுத்துத் தெரியாமல் இல்லை. அந்த எழுத்துக்கான உளியின் மேலும் கீழும் உடைந்து போயிருந்தது. 1800-இல் இதே கதை ‘ஆர்’ எழுத்துக்கு நடந்தது. அதுவும் ‘கே’ போல ஆகிவிட்டது. 1796-இல் இன்னோர் அச்சில், 5-இன் மேலேயே 6 அடித்திருக்கிறார்கள். 1795-க்காகச் செய்து பயன்படாத அச்சைத் திருத்திக்கொண்ட சிக்கனம் அது. நல்ல எஃகு அவ்வளவு அரிதாக இருந்தது.

1797 இன்னும் சுவையானது. நட்சத்திரம் மாநிலங்களின் எண்ணிக்கையைக் குறித்ததால், முதலில் 15 நட்சத்திரங்கள். 1796 ஜூனில் டென்னசி 16-ஆவது மாநிலமாகச் சேர, அச்சில் 16 நட்சத்திரங்கள் வந்தன. புதிதாக மாநிலங்கள் சேர்ந்துகொண்டே போனால் இந்தச் சிறு காசில் இடம் ஏது? ஆகவே தொடக்கத்தில் இருந்த 13 மாநிலங்களின் கணக்குக்கே திரும்பினார்கள். 15, 16, 13 என மூன்றும் 1797 என்ற ஒரே ஆண்டில் கிடைக்கின்றன. ஒரு நாட்டின் அரசியல் மாற்றம் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு தெளிவாகப் பதிந்திருப்பதை வேறெந்தக் காசிலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் பெரும்பாலான அச்சுகளுக்கு இப்படிப்பட்ட வெளிப்படையான அடையாளம் கிடையாது. அங்கே கோணமும் இடைவெளியும்தான் துணை. ஆண்டின் முதல் இலக்கம் தேவியின் கூந்தல் சுருளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, ஒரு நட்சத்திரத்தின் முனை விளிம்பைச் சுற்றியிருக்கும் சிறு பற்களில் ஒன்றை நோக்கியிருக்கிறதா அல்லது இரண்டு பற்களுக்கு நடுவில் நிற்கிறதா, இலையின் நுனி எந்த எழுத்தின் அடியில் முடிகிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். கொஞ்சம் பழகிவிட்டால் முன்பக்கத்தில் ஓர் இடம், பின்பக்கத்தில் ஓர் இடம் பார்த்தாலே போதும்.

காசு அடிக்க அச்சு இரண்டு வேண்டும்: முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே சமயத்தில் தேய்ந்து போவதில்லை. ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றுவார்கள். இதனால் ஒரே முன்பக்க அச்சு இரண்டு மூன்று பின்பக்க அச்சுகளோடு சேர்ந்து வேலை செய்திருக்கும். இப்படிச் சேர்ந்த ஒவ்வொரு ஜோடியும் சேகரிப்பாளர் கணக்கில் ஒரு தனி வகை. இந்த ஜோடிகளை 1931-இல் டேனியல் வாலன்டைன் முதன்முதலாக விரிவாகப் பட்டியலிட்டார். இன்று புழக்கத்தில் இருப்பது 1998-இல் ரஸ்ஸல் லோகனும் ஜான் மெக்ளோஸ்கியும் கொடுத்த எண்முறை. எல்.எம்-1, எல்.எம்-2 என்று சொன்னாலே எந்த ஜோடி என்று உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்களுக்குப் புரிந்துவிடும்.

சரி, எந்த ஜோடி முதலில் வந்தது, எது பிறகு வந்தது? இங்கேதான் விரிசல் சாட்சி சொல்ல வருகிறது. ஆயிரக்கணக்கான அடிகளைத் தாங்கும் அச்சில் எங்கோ ஒரு மயிரிழை விரிசல் விழும். வெள்ளி அந்தப் பள்ளத்துக்குள் புகுந்துகொள்வதால், காசில் அது மேலெழும்பிய மெல்லிய கோடாகத் தெரியும். காசில் பின்னாளில் விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும். அச்சின் விரிசல் மேடாக இருக்கும். முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். சுவரில் விழுந்த விரிசலைப் போல, அச்சின் விரிசலும் வளருமே தவிர ஆறாது. ஆகவே ஒரு முன்பக்க அச்சு முதல் ஜோடியில் விரிசல் இல்லாமலும், இரண்டாவது ஜோடியில் விரிசலோடும் இருந்தால், எது முன்னால் அடிக்கப்பட்டது என்பதில் சந்தேகமே இல்லை. விரிசல் விளிம்புவரை வளர்ந்து அச்சின் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தால், அந்த இடத்தில் காசில் எழுத்தே இல்லாத வெள்ளிக் குமிழ் ஒன்று இருக்கும். அச்சின் ஆயுள் முடியப் போகிறது என்று அர்த்தம்.

இன்னொரு சாட்சியும் உண்டு. திருகு அழுத்தப்பொறியில் வெள்ளி வில்லையை வைக்க மறந்து இழுத்துவிட்டால், இரண்டு அச்சும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். ஒன்றின் உருவம் மற்றதில் மங்கலாகப் பதிந்துவிடும். அதன்பின் அடித்த காசுகளில் தேவியின் முகத்துக்கு முன்னால் கழுகின் நிழற்கோடு தெரியும். பணியாளர் அதைத் தேய்த்து அழித்தால், கூடவே மெல்லிய முடியிழைகளும் மறைந்து போகும். ஆக, மறைந்துபோன கோடும் ஒரு தடயம்தான்.

பின்பக்க அச்சில் ஆண்டு எதுவும் கிடையாது. அதனால் நல்ல நிலையில் இருக்கும் பின்பக்க அச்சு அடுத்த ஆண்டும் வேலைக்கு வரும். ஓர் ஆண்டுக் காசுகளின் வரிசையை விரிசல்களை வைத்துத் தொடர்ந்தால், அது பக்கத்து ஆண்டுக்குள் நுழைந்துவிடும். விரிசலை ஒட்டிப் பார்க்கும்போது, ஒரு பின்பக்க அச்சு கழற்றி வைக்கப்பட்டு, இடையில் வேறு அச்சு வேலை செய்து, பிறகு பழைய ஜோடியே மறுபடி சேர்ந்ததும் தெரிகிறது. இந்த நுணுக்கத்தை நாணயச்சாலையின் பதிவேடுகளில் தேடிப் பயனில்லை. அந்தப் பட்டறையில் நடந்த வேலையின் நாட்குறிப்பு காசுகளிலேயே இருக்கிறது.

1802-ஆம் ஆண்டுக் காசு இந்த வரிசையின் அரசன். அந்த ஆண்டுக்கு ஒரே ஓர் அச்சு ஜோடிதான். இன்று இருப்பதாக அறியப்பட்டவை சில டஜன்கள் மட்டுமே, அவையும் பெரும்பாலும் தேய்ந்தவை. 1805-க்குப் பிறகு ஹாஃப் டைம் அடிப்பதே நின்றுபோயிற்று. காசாக்குவதற்காக நாணயச்சாலைக்கு வெள்ளியைக் கொண்டு வந்து கொடுத்தவர்களுக்குப் பெரிய காசுகளே வசதியாக இருந்தன. சில்லறைத் தேவைக்கு அரை ரியால் என்ற ஸ்பானிய வெள்ளிக் காசு ஊரெங்கும் புழங்கியது. 1829 ஜூலை 4 அன்று, புதிய நாணயச்சாலைக்கு அடிக்கல் நாட்டிய நாளில்தான் ஹாஃப் டைம் மறுபடி பிறந்தது.

1829 முதல் 1837 வரை வந்த தொப்பியணிந்த தேவியின் காசுகள்தான் வகை சேகரிக்க மிகவும் ஏற்றவை என்பது என் கருத்து. இவற்றில் அச்சுகள் ஏராளம், காசுகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. வில்லையைச் சுற்றி வளையம் வைத்து அடித்ததால் வட்டமும் நேர்த்தியாக வந்தது. 1835-ஐ மட்டும் எடுத்துக்கொண்டாலே பெரிய ஆண்டு, சிறிய ஆண்டு, பின்பக்கத்தில் காசின் மதிப்பைச் சொல்லும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று நான்கு சேர்க்கைகள் இருக்கின்றன. 1834-இல் ஓர் அச்சில் 3-ஐத் தலைகீழாக அடித்துவிட்டு, அதன்மேலேயே சரியாக அடித்திருக்கிறார்கள்.

அரிய வகை எது என்று சொல்ல ஆர்-1 முதல் ஆர்-8 வரை ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆர்-4 என்றால் இன்று இருப்பவை 76 முதல் 200 காசுகள், ஆர்-7 என்றால் 4 முதல் 12 வரை, ஆர்-8 என்றால் மூன்றுக்கு மேல் இல்லை. விற்பவர்களில் பலர் ஆண்டை மட்டும் பார்த்து விலை சொல்வதால், அச்சைப் படிக்கத் தெரிந்தவருக்குச் சாதாரண விலையில் ஆர்-6 கிடைப்பதும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் பணத்தைவிடக் கண் பெரிது என்று நான் நம்புவதற்கு அதுவே காரணம்.

1837-இலேயே அமர்ந்த தேவி வடிவம் வந்தது. பெரும்பாலான உருவமும் எழுத்தும் மூல முத்திரையிலேயே சேர்ந்துகொள்ள, கையால் அடிக்க ஆண்டைத் தவிர அதிகம் மிஞ்சவில்லை. 1873-ஆம் ஆண்டுச் சட்டம் ஹாஃப் டைமையே நிறுத்திவிட்டது.

தேய்ந்த காசைக் கண்டால் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். துளையிட்ட காசுகளும் நிறைய உண்டு. நகையாக அணிந்த காலத்து வழக்கம் அது. இவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. முடியிழையும் இறகும் தேய்ந்து போனாலும், எழுத்துகளும் நட்சத்திரங்களும் இருந்த இடம் மாறுவதில்லை. மிகவும் தேய்ந்த காசிலும் ஆண்டின் இலக்கங்களும் பின்பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்துகளும் தெரிந்தால், எந்த அச்சு ஜோடி என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். சாய்வான வெளிச்சத்தில், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். பளபளப்பாக்க வேண்டும் என்று மட்டும் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். மெல்லிய விரிசல் கோடுதான் முதலில் அழியும்.