ஓர் எழுத்து மாறினால் முடங்கும் செடி

தக்காளிச் செடியின் நுனி வளர்வதை நிறுத்திவிட்டது. கணுக்கள் நெருங்கி, இலைகள் சுருண்டு, உச்சி மழுங்கிக் கிடக்கிறது. இந்தக் கோலத்துக்குக் காரணம் 359 நியூக்ளியோடைடுகள், அதாவது மரபுச் செய்தியின் எழுத்துகள், மட்டுமே கொண்ட, வட்டமான ஆர்.என்.ஏ. இழை ஒன்று. கொரோனா வைரஸின் மரபுப்பொருளில் ஏறக்குறைய 30,000 உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள்.

உருளைக்கிழங்கை நூல் நூற்கும் கதிர்போல் ஒடுங்கி நீளச் செய்யும் இந்தக் கிருமிக்கு, அமெரிக்காவின் தாவர நோயியலாளர் தியோடர் டீனர் 1971இல் 'வைராய்டு' என்று பெயர் வைத்தார். இதற்கு மேலுறை கிடையாது. ஒரு புரதத்தைக்கூடத் தயாரிக்கத் தெரியாது. செடியின் நொதிகளைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது. எனவே அது செய்யும் கேடு அத்தனையும் அதன் எழுத்து வரிசையிலும் மடிப்பிலுமே அடங்கியிருக்க வேண்டும்.

வட்ட இழையில் உள்ள ஜி, சி, ஏ, யூ என்ற நான்கு வகை எழுத்துகளில் ஜி எதிரே சி, ஏ எதிரே யூ என்று இணை சேரும்போது, அது ஒரு நீண்ட கோலாக மடிகிறது. இணை சேராத இடங்கள் சிறு வளையங்களாகப் பிதுங்கி நிற்கும். இக்கோலின் இடப்பக்கத்தில் உள்ள ஒரு பகுதியில் சில எழுத்துகள் மாறினாலே, அறிகுறி தெரியாத மென்மையான வகை செடியை வாட்டும் கடுமையான வகையாகிவிடுகிறது. அங்கே பிணைப்பு தளரத் தளர நோய் கடுமையாகிறது என்றே 1980களில் விளக்கினார்கள். கோல் எந்தப் பக்கம், எவ்வளவு வளைகிறது என்பதும் முக்கியம் என்று பின்னர் தெரிந்தது. செடியின் புரதங்கள் அந்த வளைவைப் பற்றிக்கொள்ளக்கூடும்.

ஆனால் மடிப்பை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. மேலே சொன்ன தக்காளியைத் தாக்கிய வைராய்டில் மாறியது 257ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து: யூ இருந்த இடத்தில் ஏ. கோலின் அமைப்பு குலையவில்லை, வைராய்டின் பெருக்கமும் கூடவில்லை. ஆயினும் செல்சுவரைத் தளர்த்தி வளரவிடும் எக்ஸ்பான்சின் மரபணு ஒன்றின் செயல்பாடு குறைந்துபோனது. சுவர் நெகிழாவிட்டால் செல் எப்படி நீளும்?

பீச் மரத்தில் இக்கதை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அங்குள்ள வைராய்டு ஒன்றில் 12 அல்லது 13 எழுத்துகள் புதிதாகச் செருகிக்கொண்டு கொண்டைஊசிபோல் மடிகின்றன. அயல் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டுவது செடியின் தற்காப்பு. அப்படி வெட்டுப்பட்ட துண்டுகளில் இந்தச் செருகலைச் சுமப்பவை, இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகம் உருவாகத் தேவையான புரதம் ஒன்றின் செய்முறையைச் சுமக்கும் செய்தி ஆர்.என்.ஏ.வோடு பொருந்தி, அதையும் வெட்டவைத்துவிடுகின்றன. காவலுக்கு வைத்த கத்தி வீட்டுக்காரரையே வெட்டுகிறது. இலை காகிதம்போல் வெளுக்கிறது. 2012இல் இது வெளியானபோது, வைராய்டு ஆய்வில் இவ்வளவு தெளிவான விடை அதுவரை கிடைத்ததில்லை என்றே எனக்குத் தோன்றியது.

அதே இலையில் பச்சைத் திட்டுகளும் உண்டு. அங்கும் வைராய்டு இருக்கிறது, அந்தச் செருகல் மட்டும் இல்லை.