மழைக்காலக் காய்ச்சலில் மூச்சு வாங்கினால்

"மிஷின்ல போட்டா அவ்வளவுதானா டாக்டர்?" பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கமிருந்து புதுச்சேரிக்கு வருகிறவர்கள் ஐசியு வாசலில் கேட்பது இதைத்தான். இல்லை. வென்டிலேட்டர் நுரையீரலைக் குணமாக்குவதும் இல்லை, ஆளை முடிப்பதும் இல்லை. காய்ச்சலுக்குக் காரணமானது அடங்கும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிக்கிறது.

நுரையீரலில் திடீரென நீர் கோத்து மூச்சுத் திணறுவதை ஏஆர்டிஎஸ் என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறோமே, அது தனி வியாதி இல்லை. நிமோனியா, செப்சிஸ் (கிருமித்தொற்று உடம்பு முழுக்கப் பாதிப்பது), கணைய அழற்சி, வாந்தி புரையேறுவது என எதனாலும் நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்து, காற்று இருக்க வேண்டிய அறைகளில் நீர் நிறைந்துவிடும். அந்த நேரத்தில் "அசதியா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நீங்களே கேட்டு வாங்குவது கசிகிற இடத்தில் இன்னும் நீரை ஊற்றுவதுதான்.

நம் பக்கம் ஐப்பசி முதல் தை வரை இதற்குக் காரணமாக முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். புதரிலும் தோப்பிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கு இது கேட்காது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். 2023-ல் வெளியான இந்திய ஆய்வுக்குப் பிறகு, முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே நரம்பில் ஏற்றுகிறோம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடா இறுகும் இடுப்பில். வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது; கூச்சப்படாமல் பார்க்க விடுங்கள். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும்.

அப்புறம், வென்டிலேட்டர் எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்று கணக்கிட, படுக்கையிலேயே டேப் வைத்து நோயாளியின் உயரம் அளப்பதைப் பார்த்து விழிப்பார்கள். 165 செ.மீ. ஆண் 90 கிலோ இருந்தாலும் நுரையீரல் அந்த உயரத்துக்கு ஏற்ற அளவுதான், ஒரு மூச்சுக்கு 370 மில்லி காற்று போதும். அதிகம் தள்ளினால் நல்ல பகுதியும் கிழியும். குறைவான காற்றே உயிர் காக்கிறது என்று 2000-லேயே பெரிய ஆய்வில் தெரிந்துவிட்டது. நிலைமை மோசமானால் 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைப்போம், முதுகுப்பக்கம் அமுங்கிய நுரையீரல் விரியும். முகம் வீங்கும், பிறகு வடிந்துவிடும்.

காய்ச்சலோடு பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினாலோ, பல்ஸ் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அதுவரை போட்ட ஊசி, மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு வாருங்கள்.