அட்வான்ஸ் கட்டும் முன் பிள்ளையிடம் கணக்கைக் காட்டுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வங்கிக் கிளையில் கல்விக் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜூலை மாதம் அப்பாவும் மகனும் வந்து எதிரில் உட்கார்ந்தார்கள். அப்பா சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. பையன் பொறியியலில் சேர்ந்தாயிற்று, முதல் தவணையும் கட்டியாயிற்று. மீதிக்கு லோன் வேண்டும் என்றார். கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று விண்ணப்பத்துக்காகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகன் பக்கம் திரும்பாமலே, "இவங்க அம்மா நகைய வெச்சோம் சார்" என்றார்.

அந்தப் பையனுக்கு அதுவரை தெரியாது. வெளியே வராண்டாவில் நின்று, "சொல்லியிருந்தா பெரியார் காலேஜ்லயே பி.எஸ்சி. சேர்ந்திருப்பேனேப்பா" என்று, கடலூரில் இருக்கும் அரசுக் கலைக் கல்லூரியை அவன் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

கடலூரிலும் புதுச்சேரியிலும் பல வருடம் இந்த வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அப்பாக்கள் பணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசாமல் இருப்பது பாசத்தால்தான். 'அதுக்கு எதுக்கு இந்தக் கவலை, படிப்பைப் பார்க்கட்டும்' என்ற நினைப்பு. ஆனால் விலை தெரியாமல் கடைக்குள் விடப்பட்ட பிள்ளை எதைக் கேட்கும்? பெரிய கட்டடத்தைக் கேட்கும், நண்பன் சேரும் கல்லூரியைக் கேட்கும். நாமும் வாங்கிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் வருடம் கட்டணம் கட்ட முடியாதபோது, "உனக்காக எவ்வளவு கஷ்டப்படறேன் தெரியுமா" என்கிறோம். அவனுக்கு எப்படித் தெரியும்? நாம் சொல்லவே இல்லையே.

பிளஸ் ஒன் முடிந்து வரும் விடுமுறைதான் இதைப் பேச ஏற்ற நேரம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு வீட்டில் யாருக்கும் நிதானம் இருப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். அம்மாவையும் உட்கார வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அடகுக்குப் போவது அவருடைய நகைதான், அவரைக் கேட்காமல் என்ன முடிவு? மாதம் என்ன வருகிறது, ஏற்கெனவே என்ன கடன் இருக்கிறது, தம்பி தங்கைக்கு என்ன ஒதுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். "நம்மால முடியாது" என்று ஆரம்பிக்காதீர்கள், அந்தச் சொல்லிலேயே பிள்ளை சுருங்கிவிடும். "வருஷத்துக்கு இவ்வளவு வரைக்கும் நான் பார்த்துக்கறேன், அதுக்கு மேல போனா கடன், அதை நீயும் நானும் சேர்ந்து அடைக்கணும்" என்று சொல்லுங்கள்.

இதை நன்றாகச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி விவசாயி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. கன்று வைத்து அது காய்ப்புக்கு வரும்வரை வருமானம் குறைவு என்பதை மகளிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் ஒரு நாற்பது பக்க நோட்டோடு என்னிடம் வந்தாள். பக்கத்துக்கு ஒரு கல்லூரி. கல்விக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ், பஸ், தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று தனித்தனியாக எழுதியிருந்தாள். தெரியாததை அந்தந்தக் கல்லூரிக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். கல்விக் கட்டணத்தைவிட ஹாஸ்டல் செலவு அதிகம் என்று தெரிந்ததும், ஊரே புகழ்ந்த ஒரு கல்லூரியை அவளே அடித்துவிட்டாள். அப்பா வேண்டாம் என்று சொல்லவே இல்லை. கணக்கு கையில் இருந்தது, அவள் முடிவெடுத்தாள்.

அடுத்தது, என்னை மிகவும் வருத்தும் விஷயம். மார்ச், ஏப்ரல் மாதங்களில், பரீட்சை முடியும் முன்பே, "மேனேஜ்மென்ட் சீட் இப்பவே புக் பண்ணிடுங்க, அப்புறம் கிடைக்காது" என்று போன் வர ஆரம்பிக்கும். அப்பாக்கள் பயந்துபோய் அட்வான்ஸ் கட்டிவிடுகிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு அரசு தரும் கல்விக் கட்டணச் சலுகை, கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதுவும் கலந்தாய்வில்தான். அவசரப்பட்டு நேரடியாகச் சேர்த்தால் இரண்டும் போயிற்று. 200-க்குக் கட் ஆஃப் 150 எடுத்த பிள்ளைக்குக் கலந்தாய்விலேயே நல்ல இடம் கிடைத்திருக்கும் என்று, நேரடியாகச் சேர்த்த பிறகு வந்து சொல்லி அழுதவர்கள் உண்டு.

ரசீது இல்லாத பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நன்கொடை வாங்கிச் சேர்ப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. வங்கியும் கல்லூரி எழுதிக் கொடுக்கும் கட்டண விவரத்துக்குத்தான் கடன் தரும், மேசைக்கு அடியில் கொடுத்ததற்குத் தராது. அசல் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் அறிவித்திருக்கிறது. 'அசல் அங்கே இருக்கிறது, வேறு இடத்துக்கு எப்படிப் போவது' என்று தயங்கும் அப்பாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, கடன். கடன் வாங்குவது தப்பில்லை, நானே ஆயிரக்கணக்கில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வாங்கும் நாளில் இந்தக் கணக்கைப் பிள்ளையே போட்டுப் பார்க்க வேண்டும்.

வருடத்துக்கு 1 லட்சம் வீதம் நான்கு வருடத்துக்கு 4 லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு வருடமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. 'அதுவரை ஒன்றும் கிடையாது' என்றுதான் பலரும் புரிந்துகொள்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. முதல் வருடம் வாங்கிய லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. ஆக 1,40,000 ரூபாய் வட்டி சேர்ந்து, தவணை ஆரம்பிக்கும் நாளில் கடன் 5,40,000 ஆகியிருக்கும். ஏழு வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 8,965 ரூபாய்.

இதையே, படிக்கும்போது வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால்? முதல் வருடம் மாதம் 833 ரூபாய், இரண்டாம் வருடம் 1,667, மூன்றாம் வருடம் 2,500, அதற்குப் பிறகு 3,333. கடன் 4 லட்சத்திலேயே நிற்கும். தவணை சுமார் 6,640 ரூபாய்தான். மாதம் 2,300 ரூபாய்க்கு மேல் வித்தியாசம், அதுவும் ஏழு வருடத்துக்கு. இப்படி வட்டி கட்டி வருபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கவும் செய்கின்றன, கேட்டு வாங்குங்கள். முதல் வருடத்து 833 ரூபாயை அந்தப் பிள்ளையின் கையால் கட்ட வைத்த அப்பாக்கள் சிலர் உண்டு. அந்தப் பிள்ளைகளின் கணக்கு வாராக்கடன் ஆகி நான் பார்த்ததில்லை.

கடன் பத்திரத்தில் பிள்ளையோடு அப்பாவும் கையெழுத்துப் போடுகிறார். தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் இருவருக்கும் சரியும். நாளைக்கு மகளின் கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ கடன் கேட்டு வரும்போது அது குறுக்கே நிற்கும். 'கவர்ன்மென்ட் தள்ளுபடி பண்ணிடும்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

வட்டிச் சலுகைகள் உண்டு. குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தரச்சான்று பெற்ற நிறுவனங்களில் தொழிற்படிப்பு படிப்பவர்களுக்குத் தவணை ஆரம்பிக்கும் வரையான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம். ஆனால் அதற்கென்று உள்ள பட்டியலில் கல்லூரி இருக்க வேண்டும். பட்டியலைச் சேரும் முன்பு பாருங்கள்.

புதுச்சேரி விஷயம் ஒன்று. கடலூரிலிருந்து பாண்டிக்குத் தினமும் பஸ்ஸில் போய்ப் படிக்கலாம், ஆனால் புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக வரும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் புதுச்சேரியில் குடியிருப்பவர்களுக்கு. எல்லை ஓரத்தில் வீடு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம் என்று இருப்பவர்கள், எந்த அரசின் சலுகைக்குப் பிள்ளைக்குத் தகுதி இருக்கிறது என்பதைப் பிளஸ் ஒன் சேர்க்கும்போதே விசாரித்துவிட வேண்டும்.

கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியலைப் போடும்போது அப்பாக்கள் மவுஸைப் பிடுங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். வரிசையைப் பிள்ளை போடட்டும். நீங்கள் கேள்வி கேளுங்கள். இந்தப் பாடப்பிரிவுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் (என்பிஏ) அங்கீகாரம் இருக்கிறதா? செமஸ்டரில் எத்தனை பேர் பாஸ்? போன வருடம் படித்து முடித்த நம் ஊர்ப் பிள்ளை யாராவது இருந்தால் பேசிப் பார்த்தாயா? பதில் தெரியவில்லை என்றால் போய்த் தெரிந்துகொண்டு வரட்டும். பொறியியல்தான் என்ற பிடிவாதமும் வேண்டாம். அரசுக் கலைக் கல்லூரியில் சில ஆயிரம் ரூபாயில் ஒரு வருடம் படிக்க முடிகிறது. பாலிடெக்னிக் முடித்துப் பொறியியலில் நேராக இரண்டாம் வருடம் சேர வழி இருக்கிறது. ஒரு வருடக் கட்டணம் மிச்சம்.

ஏப்ரல் மாதத்துக்குள் இ-சேவை மையத்துக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் தாலுகா ஆபீசில் நிற்கும் கூட்டத்தில் நின்று, ஒரு கையெழுத்துக்காகச் சலுகையை இழந்தவர்களை ஒவ்வொரு வருடமும் பார்த்தேன். ஆதாரில் இருக்கும் பெயரும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். அப்பா பெயரின் இன்ஷியலில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கடன் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.