ஏற்றத்துக்குத் தனி டிக்கெட் கிடையாது

கண்டியில் ஏறி நுவரெலியாவுக்குப் போகிறவர்களுக்கு ரம்பொடை வளைவுகள் நன்றாகத் தெரியும். பஸ் கியரைக் குறைத்து முனகத் தொடங்கும் இடம் அது. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868. ஆட்களோடு சேர்த்து பஸ்ஸின் எடை 12 டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 160 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். டீசல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. ஆகவே இதற்கே 13 லீட்டர் போல டீசல் போய்விடும். சமதரையில் ஓடினாலும் ஆகிற செலவு தனி.

இறங்கும்போது எஞ்சின் அதிகம் குடிக்காதே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் ஏற்றிய ஆற்றலில் ஒரு பகுதி பிரேக் லைனிங்கில் சூடாகித்தான் தீர்கிறது. லைனிங்கும் காசுதானே.

டிக்கெட்டோ தூரத்துக்குத்தான். 2002இல் வந்த தேசியக் கட்டணக் கொள்கை டீசல், டயர், சம்பளம் என 12 செலவுகளை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஆனால் அது சராசரி பஸ் ஒன்றின் கணக்கு. மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதையில் ஊர்ந்து போகும் பஸ் எந்தச் சராசரியிலும் சேராது. காலையில் பிள்ளைகளையும் வேலைக்குப் போகிறவர்களையும் அடைத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கும். திரும்பி ஏறும்போது பாதி சீட் காலி.

இந்த நட்டத்தை யார் தாங்குவது? 1958இல் பஸ் சேவை அரசுடைமையானபோது விடை சுலபமாக இருந்தது. நாடு முழுவதும் ஒரே சபை என்பதால் கொழும்பில் வந்த வருமானம் மலையின் நட்டத்தை மூடலாம். 1978இல் சபையை ஒன்பது பிராந்தியச் சபைகளாகப் பிரித்தார்கள். அடுத்த வருடம் தனியார் பஸ்களுக்கும் கதவு திறந்தது. தனியார் எங்கே போவார்கள்? கூட்டம் உள்ள பாதைக்குத்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நட்டத்தை மூட உதவிய பாதைகளின் வருமானம் அதோடு பங்கு போய்விட்டது. 2005இல் மறுபடி ஒரே சபையாக்கினார்கள். போன வருமானம் திரும்பவில்லை. நாம் மட்டும் இன்னும் அந்தப் பழைய சபையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தில் சிடிபி பஸ் என்றே சொல்கிறோம்.

அதனால்தான் திறைசேரி நடுவே வருகிறது. வருமானம் காணாத பாதைகளுக்கு மானியம்; பள்ளிப் பிள்ளைகளின் சீசன் டிக்கெட்டில் பெற்றோர் கட்டியது போக மீதி; அப்புறம் 2005இல் தொடங்கிய சிசு சரிய, அதாவது மாணவருக்கான சலுகைக் கட்டண பஸ். ஆள் ஏறாத பாதைகளுக்குத் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு டெண்டர் கோருவதும் உண்டு. அங்கே குறைந்த மானியம் கேட்கிறவருக்குப் பாதை.

எதை அளந்து பணம் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். ஏறிய ஆட்களுக்குக் கொடுத்தால் தோட்டத்தின் கடைசி டிவிசனுக்கு, அதாவது கடைசிப் பிரிவுக்கு, பஸ் போகாது. ஓடிய கிலோமீட்டருக்குக் கொடுத்தால் காலி பஸ்ஸும் ஓடும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் மழை நாளில் மாலை ஆறு மணி பஸ் தொழிலாளர் வீட்டு வரிசையான கடைசி லயம் வரை வந்ததா, பாதியிலேயே திரும்பியதா என்பதை ஜிபிஎஸ் கருவியோ நேரக் கணிப்பாளரோ பதிய வேண்டும். இல்லாவிட்டால் அது குடை பிடித்துக் காத்திருந்தவருக்கு மட்டுமே தெரியும்.