வாளியைத் தேடிப் போகும் பூனை

எங்கள் செல்லூர் வீட்டுப் பூனை வெள்ளச்சிக்கு 13 வயது. போன சித்திரையில் முற்றத்து வாளியே கதியென்று கிடந்தாள். "வெயிலுக்கு நல்லாத் தண்ணி குடிக்குது, நல்லா ஒண்ணுக்கும் போகுது. கிட்னிக்கு என்ன குறை?" என்றார் அம்மா. மதுரை வெயிலைப் பார்த்து நானும் அப்படித்தான் நினைத்தேன். இரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் குறையே அங்கேதான் என்று தெரிந்தது.

பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வறண்ட நிலத்தில், இரையின் உடலில் இருக்கும் ஈரத்தைக் கொண்டே பெரும்பாலும் காலம் தள்ளிய இனம். அதனால் பூனைக்குத் தாகம் குறைவு, சிறுநீரும் நம்முடையதைவிடக் கெட்டி. அப்படிப்பட்டது வாளியைத் தேடினால் சர்க்கரை நோய், தைராய்டு, சிறுநீரகம் என்று எதுவும் இருக்கலாம். உடனே காட்டிவிட வேண்டும்.

பூனையின் ஒரு சிறுநீரகத்தில் சுமார் 2 லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வடிகட்டியும் அதை ஒட்டிய நுண்குழாயும். வடிந்து இறங்கும் நீரில் 99 சதவீதத்தை அந்தக் குழாய் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கே கொடுத்துவிடும். செத்த நெஃப்ரானுக்குப் பதில் புதிது முளைக்காது. மிச்சமிருப்பவைதான் எல்லாக் கழிவையும் சுமக்க வேண்டும். குழாயில் கழிவு நிறைந்து ஓடும்போது அது தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. சிறுநீர் பச்சைத் தண்ணீராகப் போகிறது. போனதை ஈடுகட்டத்தான் பூனை குடிக்கிறது. ஆகவே தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறித் தெரிவதற்குள் முக்கால்வாசி நெஃப்ரான்கள் போயிருக்கும். வயதான பூனைக்கு முன்கூட்டியே பரிசோதனை செய்வது அதனால்தான்.

அப்புறம் சாப்பாடு. மீன் தலையும் முள்ளும் பாஸ்பரஸ் மிகுந்தவை; தளர்ந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. கருவாட்டையும் நிறுத்தினோம். ஆனால் புதுத் தீவனம் பிடிக்காமல் பட்டினி கிடந்தால் அது இன்னும் ஆபத்து, மெல்ல மெல்லத்தான் மாற்ற வேண்டும். நாம் போடும் வலி மாத்திரை எதையும் கொடுக்கவே கூடாது.

டாக்டர் சொன்ன அளவில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்பு நீர்க் கரைசலை நானே ஏற்றுகிறேன். தோள்பட்டைத் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அதற்கடியில் ஊசி. திமில் மாதிரி புடைத்து, சில மணி நேரத்தில் வற்றிவிடுகிறது. வாளிக்குப் பதில் இப்போது அளவுக் கோடு போட்ட கிண்ணம். காலையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அம்மாதான் பார்த்துச் சொல்கிறார்.