கடைசல்: லேத்துக்குள் இருக்கும் பழைய சொல்

கோவை உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து, நான்கரை அடி பெட் உள்ள லேத் ஒன்றை எடை போட்டு வாங்கி வந்தேன். லேத் என்பது மரத்தையோ உலோகத்தையோ சுழற்றி, உளியால் சீவி உருவாக்கும் எந்திரம்; பெட் என்பது அதன் பாகங்களைத் தாங்கும் நீளமான அடிப்பகுதி. தட்டை பெல்ட்டில் ஓடுகிற பழைய வகை. வீட்டுக்குப் பின்னால், முன்பு மாடு கட்டியிருந்த கொட்டகையில் இறக்கி வைத்தபோது, பொருளைப் பிடித்துச் சுழற்றுகிற சக்கு அசையக்கூட இல்லை. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவிட்ட பிறகுதான் சுற்றியது. பார்க்க வந்த ஓய்வுபெற்ற டர்னர் (லேத் தொழிலாளி) ஒருவர் சக்குக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து நெம்பிப் பார்த்துவிட்டு, "லேத்து நல்ல லேத்துதானுங்க. புஷ்ஷுதான் தேஞ்சு போச்சு. கன்மெட்டல்ல புதுசா ஒண்ணு கடைசல் புடிச்சுப் போட்டுக்கலாம்" என்றார். புஷ் என்பது சுழலும் தண்டைத் தாங்குகிற உலோக வளையம்; கன்மெட்டல் ஒரு வகை வெண்கலம்.

எந்திரத்தை அவர் லேத் என்றார். அதில் செய்கிற வேலைக்குக் கடைசல் என்றார். நான் அதுவரை 'டர்னிங்' என்றே சொல்லி வந்தேன். கடைசல் என்பது அகராதிக்காரர்கள் உட்கார்ந்து செய்த சொல் என்று நினைத்திருந்தேன். பட்டறையில் வாழ்நாளைக் கழித்த ஒருவர் வாயில் அது அவ்வளவு இயல்பாக வந்ததும், சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்ப் பார்க்கத் தோன்றியது.

வேர்ச்சொல் 'கடை'. மோர் கடைகிறோம், கீரை கடைகிறோமே, அதே கடை. விரி என்பதிலிருந்து விரிசல், நெரி என்பதிலிருந்து நெரிசல் வருவதுபோல, கடை என்பதிலிருந்து கடைசல். பேச்சில் கடைச்சல் என்றும் சொல்வார்கள். குடைச்சல், அலைச்சல் மாதிரி. செய்கிற வேலைக்கும் இதுதான் பெயர், செய்து முடித்த பொருளுக்கும் இதுதான். கட்டிலுக்குக் கடைசல் கால், தொட்டிலுக்குக் கடைசல் கம்பு என்று சொல்வது அதனால்தான். 'பிடி' என்கிற துணைவினையும் கவனிக்க வேண்டியது. கத்திக்குச் சாணை பிடிக்கிறோம், மரத்துக்கும் உலோகத்துக்கும் கடைசல் பிடிக்கிறோம். சுற்றுகிற ஒன்றுக்கு எதிரே இன்னொன்றைக் கையால் பிடித்து நின்ற காலம் அந்தப் 'பிடி'க்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, தயிருக்கும் இரும்புக்கும் எப்படி ஒரே வினை வந்தது? மத்தைப் பாருங்கள். நட்டுவைத்த ஒரு கோல், அதில் சுற்றிய ஒரு கயிறு. கயிற்றின் இரண்டு நுனியையும் மாற்றி மாற்றி இழுத்தால் கோல் இடமும் வலமுமாகச் சுழலும். அந்தக் காலத்துக் கடைசல் கருவியும் இதேதான். கோல் இருக்கிற இடத்தில் மரத்துண்டைப் படுக்கவைத்து, இரண்டு முனையிலும் ஊசிபோல் தாங்கல் கொடுத்து, கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுப்பார். இன்னொருவர் உளியைப் பிடிப்பார். எகிப்தில் பெடோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில் இந்தக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது, கி.மு. 300 வாக்கில் உள்ளது. கடைசல் வேலையைக் காட்டுகிற மிகப் பழைய படங்களில் ஒன்று அது. அதைப் பார்க்கிற எந்தத் தமிழருக்கும் தயிர்ப்பானைதான் நினைவுக்கு வரும்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: தீக்கடைகோல். கட்டையில் கோலை நிறுத்திக் கயிற்றால் சுழற்றி நெருப்பு உண்டாக்குவது. அப்பர் தேவாரத்தில் "விறகில் தீயினன் பாலில் படுநெய்போல்" மறைந்து நிற்கும் இறைவனைச் சொல்லிவிட்டு, "உறவு கோல்நட்டு உணர்வு கயிற்றினால் முறுக வாங்கிக் கடைய முன்நிற்குமே" என்று முடிக்கிறார். கோல், கயிறு, இறுக இழுப்பது, கடைவது என எல்லாமே அந்த இரண்டு வரியில் வந்துவிடுகின்றன. விறகிலிருந்து தீயும் பாலிலிருந்து நெய்யும் ஒரே வினையால் வெளியே வருகின்றன. மரக்கட்டைக்குள்ளிருந்து உருண்டையான கால் ஒன்று வெளியே வருவதையும் அதே வினையால் சொன்னது தமிழுக்கு மிக இயல்பான அடுத்த படி. 'கடைந்தெடுத்த' என்று நாம் சொல்லும்போது அந்த 'எடுத்த' என்பதில் இதே எண்ணம்தான்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். தயிர் கடையும்போது கருவி சுற்றுகிறது, தயிர் சட்டியில் இருக்கிறது. கடைசலில் கடையப்படுகிற பொருள் சுற்றுகிறது, உளி நிற்கிறது. மத்துக்கு இந்தப் பக்கம் சுற்றினாலும் அந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான். உளிக்கு அப்படியில்லை. பொருள் தன்னை நோக்கி வரும்போது மட்டுமே அது வெட்டும். திரும்பிச் சுற்றும்போது சற்றுப் பின்வாங்க வேண்டும். பாதி நேரம் வீணாகும். தொடர்ந்து ஒரே திசையில் சுற்றுகிற சக்கரமும், உளியைக் கையிலிருந்து வாங்கி இரும்புத் தாங்கியில் பூட்டியதும் இந்தத் தொழிலைத் தலைகீழாக மாற்றின. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்ற எந்திரக் கைவினைஞர் 1800 வாக்கில் செய்த திருகுமரை வெட்டும் லேத்தில் இவை ஒன்றாகச் சேர்ந்தன. என் கொட்டகையில் நிற்பது அதன் நேர் வாரிசு.

லேத் என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பு முழுத் தெளிவாக இல்லை. ஸ்காண்டிநேவிய மொழிகளில் சட்டம், நிறுத்தி என்று பொருள்படும் ஒரு சொல்லோடு தொடர்புபடுத்துகிறார்கள். அதாவது ஆங்கிலத்தில் மரச்சட்டத்துக்கு வைத்த பெயர் எந்திரத்துக்கு வந்திருக்கலாம். தமிழில் செயலுக்குத்தான் பெயர். இந்தியில் கராத் என்கிறார்கள். அது அரபு மொழியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது, கடைசல்காரரைக் குறிக்கும் கர்ராத் என்ற சொல்லின் உறவு.

எந்திரத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? கடைசல் எந்திரம், கடைசல் இயந்திரம், கடைசல் பொறி என்று மூன்றும் எழுத்தில் புழங்குகின்றன. எனக்குப் பிடித்தது கடைசல் பொறி. பொறி என்பது சூழ்ச்சியாக அமைக்கப்பட்ட அமைப்பு. பழந்தமிழில் கோட்டை மதில்மேல் இருந்த போர் எந்திரங்களையும் பொறி என்றார்கள். கடைசல் கருவி என்று சிலர் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கையில் பிடிக்கிற உளிதான் கருவி. வேலை செய்பவர் கடைசல்காரர். இடம் கடைசல் பட்டறை. பட்டறை என்பதே பட்டடை, அதாவது கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல், என்ற சொல்லின் மாறிய வடிவம். திருக்குறளின் 821ஆம் குறளில் அந்தப் பட்டடை வருகிறது.

கொல்லரும் தச்சரும் இந்தச் சொல்லை விடவேயில்லை. அம்பாசமுத்திரத்தில் சிறுவர் விளையாடுகிற மரச் சொப்புகளைக் கடைந்துதான் செய்கிறார்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் தட்டு, தண்டு, உச்சி எல்லாம் தனித்தனியாக வார்க்கப்பட்டு, கடைசல் பிடித்த பிறகுதான் ஒன்றோடொன்று திருகிப் பொருந்துகின்றன. நாம்தான் மோட்டாரும் கியரும் வந்ததும் வேலையின் பெயரையும் சேர்த்து மாற்றிவிட்டோம்.

என் லேத்தைச் சரிசெய்யச் செய்ய, இப்படிப் பட்டறையில் சத்தமில்லாமல் இருக்கிற சொற்கள் இன்னும் தட்டுப்பட்டன. பெட்டை மட்டம் பார்க்க ரசமட்டம் வேண்டும். கொத்தனார் தினமும் சொல்கிற சொல், பொறியியல் படித்தவர்கள் 'ஸ்பிரிட் லெவல்' என்கிறோம். திருகின் வரிகளுக்கு மரை. 'மரை போட்டுக் குடுங்க' என்றால் எந்தப் பட்டறையிலும் புரியும். வெட்டிய விளிம்பில் நிற்பது பிசிர்.

பெட்டில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. அதன் துகள் வார்ப்பிரும்பில் பதிந்துகொண்டு, உளியைத் தாங்கி பெட்மேல் நகரும் சாடில் போகும்போதெல்லாம் இரண்டையும் அரிக்கும். மண்ணெண்ணெயில் நனைத்து, பழைய பிளேடைச் சாய்வாகப் பிடித்துச் சுரண்டி எடுப்பதுதான் நல்லது. கிரீஸும் வேண்டாம், சீவல்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் போதும். கன்மெட்டல் புஷ்ஷில் ஓடுகிற ஸ்பிண்டிலுக்கு (சக்கைச் சுழற்றும் தண்டு) ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் எண்ணெய் விட வேண்டும். புதிய புஷ்ஷை வேறொரு பட்டறையில்தான் கடைந்து வாங்கினேன்; ஒரு லேத்தைச் சரிசெய்ய இன்னொரு லேத் வேண்டியிருக்கிறது.

வார்ப்பிரும்புதானே, அசையாது என்று நினைத்தது பெரிய தவறு. தரை சரியில்லாவிட்டால் பெட் முறுக்கிக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தடித்த கம்பி ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு வளையம் விட்டுக் கடைந்து, உளியை உள்ளே தள்ளாமல் அதே நிலையில் இரண்டையும் மெல்லிசாக வெட்டி, மைக்ரோமீட்டரில் அளப்பது. இரண்டும் ஒன்றாக வரும்வரை பெட்டின் காலுக்குக் கீழே மெல்லிய தகடு கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

அப்புறம் ஒரு வேண்டுகோள், குறிப்பாக வீட்டில் புதிதாக இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு. துண்டு, லுங்கி, கையுறை எதுவும் ஓடுகிற லேத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். சக்குச் சாவியை மாட்டியபடி விட்டுவிட்டு மோட்டாரைப் போடாதீர்கள். லேத்தை லேத் என்றே சொல்லுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பட்டறைக்காரரிடம் மட்டும் 'டர்னிங் பண்ணிக் குடுங்க' என்பதற்குப் பதிலாக 'கடைஞ்சு குடுங்க' என்று கேட்டுப் பாருங்கள். நான் புஷ் கடையப் போன இடத்தில் அப்படிக் கேட்டேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன்தான் லேத்தில் நின்றிருந்தான். "உள்ளயும் கடையணுமாண்ணா, வெளியே மட்டுமா?" என்று கேட்டுவிட்டு அளவைக் குறித்துக்கொண்டான்.