இதயத்தில் ஓட்டை: சத்தத்தை வைத்து எடை போடாதீர்கள்

"நான் என்ன தப்பு பண்ணினேன் டாக்டர்?"

குழந்தையின் எக்கோ படத்தைக் காட்டி, கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னதும், பெரும்பாலான தாய்மார்கள் முதலில் கேட்பது இதைத்தான். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்தச் சுவர் கட்டப்படும் கதை.

கரு உருவான நான்காவது வாரத்தில் இதயத்தின் கீழ்ப்பகுதி ஒரே அறைதான். அந்த வாரக் கடைசியில் அறையின் அடியிலிருந்து தசைச் சுவர் ஒன்று மேல்நோக்கி வளரத் தொடங்குகிறது. அது உச்சி வரை போவதில்லை. மேலே ஓர் இடைவெளி மிச்சம் இருக்கும். அதை மூட, இதயத்தின் நடுவில் வால்வுகள் உருவாகும் இடத்துத் திசுவும், பெரிய ரத்தக்குழாய்களைப் பிரிக்கும் திசுவும் வந்து தசைச் சுவரோடு சேர வேண்டும். ஏழு, எட்டு வாரங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்று தெரிய வரும்போதே இந்த வேலை பாதி நடந்திருக்கும்.

ஆக, யாரும் துளை போடவில்லை. மூடவேண்டிய இடைவெளி மூடாமல் நின்றுவிட்டது. பெரும்பாலும் அது நிற்பது அந்தத் திசுக்கள் சந்திக்கும் மெல்லிய சவ்வுப் பகுதியிலும் அதைச் சுற்றியும்தான். தாய்க்குக் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், மதுப் பழக்கம், டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் மாற்றங்கள் ஆகியவை இதற்கான வாய்ப்பைக் கூட்டும். ஆனால் என்னிடம் வரும் பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. படி ஏறியதாலோ அழுததாலோ வந்ததல்ல என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சரி, எந்த ஓட்டைக்குப் பயப்பட வேண்டும்? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

சின்ன ஓட்டை வழியாக ரத்தம் பீறிட்டுப் பாயும்போது, ஸ்டெதாஸ்கோப்பில் கரகரவென்று பெரிய சத்தம் கேட்கும். ஆன்றி ரோஜர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1879லேயே இதை விவரித்திருக்கிறார்: சத்தம் பலமாக இருக்கும், குழந்தையோ நன்றாக இருக்கும். இப்படிப்பட்ட சின்ன ஓட்டைகள், அதிலும் தசைப் பகுதியில் இருப்பவை, பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களில் தானாகவே மூடிக்கொள்கின்றன. பெரிய ஓட்டையில் இரண்டு அறைகளின் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவதால் ரத்தம் பீறிடாது. சத்தம் அடங்கியிருக்கும். ஆபத்து அதில்தான் அதிகம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "பிறந்த அன்னிக்குப் பார்த்த டாக்டர் ஒண்ணும் இல்லைன்னு சொன்னாரே" என்று கோபத்தோடு வருவார்கள். அவர் சொன்னது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுக்கமாக இருப்பதால், இடப்பக்க ரத்தம் வலப்பக்கம் அதிகமாகப் பாய வழியில்லை. அடுத்த சில வாரங்களில் அவை தளரத் தளரப் பாய்ச்சல் கூடும். நான்கு முதல் எட்டு வாரத்தில்தான் குழந்தை திணற ஆரம்பிக்கும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும். இரண்டு நிமிடம் குடித்துவிட்டு, களைத்து, நிறுத்திவிடும். எடை ஏறாது. அடிக்கடி சளி பிடித்து நிமோனியா வரை போகும். "குழந்தை சரியாக் குடிக்கலை" என்று வீட்டில் தாயைக் குறை சொல்வார்கள். அந்தக் குழந்தைக்குப் பால் குடிப்பதே மலை ஏறுவது போன்ற வேலை என்பது அவர்களுக்குத் தெரியாது.

இதைவிட என்னைக் கலங்க வைப்பது வேறொன்று. மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். மூச்சிரைப்பு குறையும், எடை கூடும். "சரியாயிடுச்சு" என்று வருவதை நிறுத்திவிடுவார்கள். ஓட்டை உண்மையிலேயே சுருங்கியதால் தேறியிருக்கலாம். ஆனால், அதிக ரத்தத்தின் வேகத்தை வருடக்கணக்கில் தாங்கித் தாங்கி நுரையீரல் குழாய்கள் தடித்துப்போனாலும் பாய்ச்சல் குறைந்து, குழந்தை தேறியது போலவே தெரியும். கடைசியில் ரத்தம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கி உதடும் நகமும் நீலமாகும். விக்டர் ஐசன்மெங்கர் என்ற மருத்துவர் 1897இல் விவரித்த நிலை இது. அதன்பிறகு ஓட்டையை அடைப்பதே உயிருக்கு ஆபத்து. முதல் வருடத்தில் சரிசெய்திருக்கக்கூடிய ஒன்றை, பதினைந்து வயதில் நீல உதட்டோடு வரும் பிள்ளையிடம் பார்ப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. இரண்டு காரணங்களையும் பிரித்துச் சொல்ல எக்கோ போன்ற பரிசோதனைகளால்தான் முடியும், பெற்றவர் கண்ணால் முடியாது.

சின்ன ஓட்டையிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. நுரையீரல் வால்வுக்கு நேர் கீழே இருக்கும் வகை பெரும்பாலும் தானாக மூடாது. பாயும் ரத்தம் பக்கத்திலுள்ள மகாதமனி வால்வின் ஓர் இதழை உள்ளே இழுத்து, வால்வையே கசிய வைத்துவிடலாம். அதனால் "எவ்வளவு பெரிசு?" என்று கேட்பதோடு "எந்த இடத்தில்?" என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

பெரிய ஓட்டையைப் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள், பல சமயம் முதல் ஆறு மாதத்திலேயே, ஒட்டுத் துணி வைத்துத் தைத்துவிடுகிறோம். 1954இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வால்டன் லில்லிஹை என்ற அறுவை மருத்துவர் இந்த அறுவையை முதன்முதலில் செய்தபோது, குழந்தையின் ரத்தவோட்டத்தைத் தந்தையின் உடலோடு இணைத்து, அவரையே இதய நுரையீரல் இயந்திரமாகப் பயன்படுத்தினார். அந்தக் குழந்தை சில நாட்களில் நிமோனியாவில் இறந்துபோனது. அதே முறையில் பிறகு பல குழந்தைகள் பிழைத்தார்கள். இன்று அந்த வேலைக்கு இயந்திரம் இருக்கிறது. சில வகை ஓட்டைகளைத் தொடை ரத்தக்குழாய் வழியாகவே சாதனம் வைத்து அடைக்கவும் முடிகிறது. அறுவை வேண்டாத பிள்ளைகளுக்கும் பல் சுத்தம் முக்கியம். சொத்தைப் பல்லிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி, ஓட்டையின் விளிம்பில் தங்கிவிடக்கூடும்.

அப்புறம், வீட்டில் செய்யக்கூடிய ஒன்று. குழந்தை அமைதியாகத் தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால், அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிக்கொண்டு வாருங்கள்.